பொருள்: ஈபேர்ட் செயலியில் நாம் அனுப்புவதற்குப் பெயர் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

ஆசிரியை, வட்டுக்கோட்டை

அனைவருக்கும் வணக்கம்.

தரம் 9 பிள்ளைகளை அடுத்த சனிக்கிழமை அராலிக் கடனீரேரிக் கரைக்குப் பறவை பார்க்க அழைத்துப் போகிறேன். பெப்ரவரியில் 4 நாட்கள் உலகெங்கும் நடக்கும் கணக்கெடுப்புக்கு இது பயிற்சி. (அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘பாக்யார்ட்’ என்பதை வளவு ஆக்கி, ‘வளவுப் பறவைக் கணக்கெடுப்பு’ என்று தமிழாக்கியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அதற்கு மறுப்பு வராது என்று நம்புகிறேன்.) கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் ஓடுபன் சங்கமும் 2002இல் தொடங்கிய, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட்டில்தான் பதிவு செய்யப் போகிறோம். 8 பக்கக் கைந்நூல் வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும்.

ஒரே ஒரு சொல்லில் தடைப்பட்டு நிற்கிறேன். ஒருமுறை பார்க்கப் போனதன் இடம், தொடங்கிய நேரம், எடுத்த நேரம், நடந்த தூரம், போனவர் தொகை, எந்தப் பறவை எத்தனை என்பன எல்லாம் சேர்ந்த ஒன்றை அங்கே செக்லிஸ்ட் என்கிறார்கள். நான் ‘சரிபார்ப்புப் பட்டியல்’ என்று எழுதினேன். பள்ளிக்கூட வளவில் 15 நிமிடம் ஒத்திகை பார்த்தோம். அந்த இடத்தில் காணக்கூடியவை என்று செயலி காட்டிய பறவைகள் எல்லாவற்றையும் ஒரு பையன் அடையாளமிட்டுவிட்டான். ‘சரிபார்’ என்றால் சரி போடுவதுதானே என்று கேட்டான். கடைசியில் ‘இது முழுமையான பட்டியலா’ என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை ‘இல்லை’ என்று பதில் கொடுத்தாள். ஏன் என்று கேட்டால், “மயிலைக் காணவில்லையே, ரீச்சர்.”

இரண்டும் என் சொற்களின் பிழை. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரவெட்டி

தங்கச்சி, பட்டியல் கடைக்காரனுக்கும் உண்டு. பறவைக்கு நம்மிடம் ‘புள்’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஒழுங்காக அடுக்கியதற்கு ‘நிரல்’ இருக்கிறது. ‘புள்நிரல்’ என்று வையுங்கள். முழுமையானதற்கு ‘எஞ்சா நிரல்’. ஓயா, மாறா போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இரண்டு அசையில் பொருள் முடிந்துவிடுகிறது.

கணித ஆசிரியர், நெல்லியடி

ஐயா, மன்னிக்கவேண்டும். நிரை என்றால் கிடை, நிரல் என்றால் நெடுக்கு என்று பிள்ளைகளுக்குத் தாயத்தில் (எண்களைக் கட்டமாக அடுக்கும் மற்ரிக்ஸ்) படிப்பிக்கிறேன். கணினி வகுப்பிலும் நிரல் வேறு பொருளில் வருகிறது. மூன்றாவது நிரலையும் அவர்கள் தலையில் ஏற்ற வேண்டுமா?

புணர்ச்சியையும் பாருங்கள். ளகரத்தின் முன் நகரம் வந்தால் இரண்டும் ணகரமாகும். விதிப்படி எழுதினால் ‘புண்ணிரல்’. புண் என்றுதான் காதில் விழும். ‘புட்பதிவு’ என்று போனாலும் பூவைப் பதிவதாக நினைப்பார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரவெட்டி

புணர்த்தாமல் இடைவெளி விட்டு எழுதலாம், தம்பி. ஆனால் என் சொல்லிலேயே வேறொரு குறையை இரவு கண்டேன். புள் என்பதற்கு நிமித்தம் என்ற பொருளும் உண்டு. ‘புள் பார்த்தல்’ என்றால் சகுனம் பார்த்தல் ஆகிவிடும். அறிவியல் கைந்நூலுக்கு அது ஆகாது. புள்ளை விட்டுவிடுகிறேன். நிரலை விடவில்லை.

பறவையைப் பார்த்துப் பதிவது நமக்குப் புதிதல்ல என்பதையும் கைந்நூலில் எழுதுங்கள். சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார். பனங்கிழங்கைக் கிழித்துத் தின்றவனுக்கு அந்த நிறமும் கூரும் உடனே கண்ணில் வரும். நாரையும் அதன் பெடையும் என்று தொகையும் இருக்கிறது, வடதிசை என்று போக்கும் இருக்கிறது.

பறவை நோக்குபவர், வேலணை

ஐயா சொன்ன பாட்டு நல்ல உதாரணம். ஆனால் ஈபேர்ட்டின் கண்ணில் அது வேறு வகை. புலவர் எவ்வளவு நேரம் நின்றார், வேறு என்ன பறவைகள் இருந்தன என்று சொல்லவில்லை. ஒரு பறவை கண்ணில் பட்டது, எழுதினார். செயலியில் இதற்குத் ‘தற்செயல்’ என்று தனி வகை உண்டு. அதைத் ‘தற்செயற் பதிவு’ என்று இப்போதே முடிவுசெய்துவிடலாம்.

சிக்கல் முழுமையான பட்டியலில்தான். அடையாளம் தெரிந்த எதையும் விடாமல் எழுதினால், எழுதாததற்கும் பொருள் வந்துவிடுகிறது. இலங்கையில் கவுதாரி வடக்கிலும் வடமேற்கிலும்தான் உண்டு. தீவுப்பகுதியில் அது குறைகிறதா என்று நாளை ஒருவர் அறிய விரும்பினால், கண்டவர்களின் பதிவு மட்டும் போதாது. அங்கே ஒரு மணி நேரம் நடந்து கவுதாரியைக் காணாதவர்களின் பதிவும் வேண்டும். காகம், மைனா, புலுனி என்று தினமும் காண்பவற்றைச் சலித்துப்போய் எழுதாமல் விடுகிறார்களே, அவர்கள் இந்தப் பொருளைத்தான் கெடுக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு.

வந்தவரையும் வராதவரையும் ஒன்றாகக் காட்டும் ஏடு ஏற்கெனவே ரீச்சரின் மேசையில் இருக்கிறது. வரவு இடாப்பு. ‘பறவை இடாப்பு’ என்று சொன்னால் தரம் 9 பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். வராத பிள்ளைக்கு வரவு போடுவது பொய் என்று அந்தப் பையனுக்கும் தெரியும்.

வாசகர், நாகர்கோவில்

‘இடாப்பு’ எங்களுக்குப் புரியாது, ஐயா. தமிழ்நாட்டில் வருகைப் பதிவேடு என்போம். இணையத்தில் எழுதும் சொல் பாக் நீரிணையின் இரு கரைக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா? ‘பறவைப் பதிவேடு’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

பறவை நோக்குபவர், வேலணை

பதிவேடு என்றால் பல நாள் பதிவுகள் சேர்ந்த முழுப் புத்தகம். இது ஒரு நடைக்கு ஒன்று.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரவெட்டி

இடாப்பும் புத்தகம்தானே? ஒரு நாளைக்கு ஓர் இடாப்பு எவர் வைத்திருக்கிறார்?

அதன் உருவமும் எனக்கு உவப்பில்லை. தோம்பு என்ற காணிப் பதிவேட்டின் பெயர் போர்த்துக்கேயரோடு வந்தது. இடாப்பு எவரோடு வந்ததோ. தமிழில் முதனிலையும் விகுதியும் தெரியாத சொல்லில் இருந்து கிளைச்சொல் பிறக்காது.

கணித ஆசிரியர், நெல்லியடி

‘இடு’ என்பதே முதனிலையாக இருக்கலாம், ஐயா. பெயரை இடுவது இடாப்பு. காப்பு, யாப்பு, கோப்பு என்று விகுதிக்கும் துணை உண்டு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரவெட்டி

கா, யா, கோ மூன்றும் நெட்டெழுத்தில் முடிகிற பகுதிகள். ‘இடு’ அப்படி முடியவில்லை. இடுவில் இருந்து வந்தால் ‘இடுப்பு’ என்றல்லவா நிற்கும்? உங்கள் தாயத்தில் இப்படிக் கணக்கு விடுவீர்களா, தம்பி?

மருத்துவர், மானிப்பாய்

நான் எழுதுவது அரிது. எங்கள் ஊரில் 19ஆம் நூற்றாண்டிலேயே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்ற சொல்லை ஆண்டார். இன்று அதை எவரும் ஆள்வதில்லை. ஆனாலும் அன்று அந்த வகுப்பு அந்தச் சொல்லோடு நடந்தது, மாணவர்கள் மருத்துவம் கற்றார்கள். ரீச்சருக்கு வேண்டியது சனிக்கிழமைக்கான சொல். இடாப்பு என்பதற்கு என் ஆதரவு.

ஆசிரியை, வட்டுக்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. இடாப்புக்கு என்னோடு நான்கு பேர், பதிவேட்டுக்கு ஒருவர், நிரலுக்கு ஐயா மட்டும். மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கைந்நூலில் ‘பறவை இடாப்பு’ என்று போடுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஒருமுறை பார்த்ததன் பதிவு’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். முழுமை என்ற சொல்லை அடியோடு எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கலைச்சொல்லே இல்லை, கேள்வி மட்டும்: ‘உங்களுக்கு அடையாளம் தெரிந்த எதையும் விடாமல் எழுதினீர்களா?’ மயிலைத் தேடிய பிள்ளையிடம் நேற்று வாசித்துக் காட்டினேன். உடனே ‘ஓம்’ என்றாள். காகத்தையும் எழுதியிருந்தாள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரவெட்டி

கேள்வி நன்றாக இருக்கிறது, தங்கச்சி. ‘எஞ்சா’ என்பதைவிட நன்று. இடாப்புக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி பேசவேண்டும்.

என்னிடம் தொலைநோக்கி ஒன்று சும்மா கிடக்கிறது. பிள்ளைகளுக்குப் பயன்படும். சனிக்கிழமை எத்தனை மணிக்கு?

ஆசிரியை, வட்டுக்கோட்டை

காலை 6 மணி, ஐயா. அராலித்துறையில் நிற்போம்.