நிச்சயதார்த்த மோதிரம்: 22 காரட்டா, 18 காரட்டா, பிளாட்டினமா?

கேள்வி (பீளமேட்டுப் பெண்)
தை மாதம் நிச்சயம். எனக்குச் சின்ன வைரம் வைத்தது, அவருக்குக் கல் இல்லாதது. அவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், மோதிரத்தைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். அம்மாவைப் பொறுத்தவரை 916 (22 காரட்) தவிர எதுவும் நகையே இல்லை. கடையில் பிளாட்டினத்தையே நீட்டுகிறார்கள். எதை எடுப்பது?

பதில் (ஈரோட்டுக்காரன்)
அம்மா பேச்சைக் கேளுங்க. அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் பிளாட்டினத்தை யார் வாங்குவார்கள்?

பதில் (பட்டறைக்காரர்)
அடகு வைக்கத்தான் என்றால் தங்கக் காசாகவே வாங்கி வைக்கலாமே! நகை வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன் அம்மணி, வைரத்துக்கு 18 காரட். 916 மெதுசு. ஸ்கூட்டர் பிடித்துப் பிடித்தே வட்டம் கோணிப்போய் என்னிடம் வரும். கல்லைக் கவ்வியிருக்கும் பிடி ஒன்று விரிந்தால் போதும், கல் எங்கே விழுந்தது என்றே தெரியாது. 18-இல் கால்வாசி செம்பும் வெள்ளியும், அதனால் கெட்டி.

வெள்ளைத் தங்கம் பக்கம் போகாதீர்கள். மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகம் தேய்ந்ததும் மஞ்சளடிக்கும், திரும்ப முலாம் போட வேண்டும். நிக்கல் கலந்ததாக இருந்தால் சிலருக்கு அரிக்கும்.

பிளாட்டினம் நல்ல உலோகம்தான். கீறல் விழும், ஆனால் அவ்வளவாகத் தேயாது. கனம் அதிகம் என்பதால் 916-இல் 4 கிராம் வரும் மோதிரம் இதில் நாலரையைத் தாண்டும். சிக்கல் பின்னால்தான். தங்கம் 1064 டிகிரியில் உருகும், இது 1768-இல். விரல் பருத்து அளவு கூட்ட வேண்டுமென்றால் என் ஊதுகுழலுக்கு அது மசியாது, அதற்கென்று ஆள் தேட வேண்டும்.

பீளமேட்டுப் பெண்
நன்றி அண்ணா. அப்போ அவருக்கு?

பட்டறைக்காரர்
அவருக்கு 916 போதும், அம்மாவும் சந்தோஷப்படுவார். ஆனால் லேத் ஓடும்போது எந்த மோதிரமும் கூடாது. சுழல்கிறதில் மாட்டினால் விரலே போய்விடும். கழற்ற மாட்டேன் என்ற பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் மோதிரத்துக்குள் 18 காரட்டைக் குறிக்கும் 750 என்ற முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு இலக்க எச்யுஐடி என்ற எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வரும். பில்லில் கல் எடையைத் தனியாகக் கழித்திருக்க வேண்டும். கல்லுக்கும் தங்க விலை போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.