‘ஆன்டிகனி’ நாடகத்தின் கிரியோன் எந்த இடத்தில் தவறினான்?

கேள்வி – நாடக மாணவி

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் வரும் தீப்ஸ் மன்னன் கிரியோனின் குணச்சித்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். நான் படித்த விளக்கங்களில் பல, அவனை முதல் காட்சியிலிருந்தே கொடுங்கோலனாகக் காட்டுகின்றன. எனக்கு அது முழுவதும் ஏற்புடையதாக இல்லை. அவன் அப்போதுதான் அரியணை ஏறியிருக்கிறான். உடன்பிறந்தவர்களான எட்டியோக்ளிஸும் பாலினைசஸும் ஒருவரையொருவர் கொன்று மாண்டிருக்கிறார்கள். அயல்நாட்டுப் படையைத் திரட்டி வந்து தன் சொந்த நகரையே தாக்கிய பாலினைசஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று அவன் ஆணையிடுகிறான். போர் ஓய்ந்த காலையில் ஓர் அரசன் எடுக்கும் கடுமையான முடிவு என்று இதைக் கருத இடமிருக்கிறது அல்லவா? அப்படியானால் அவனது வீழ்ச்சி ஆணையிலேயே தொடங்குகிறதா, அதைக் காக்க அவன் மேற்கொண்ட வழியிலா?

மறுமொழி – ஏடு

ஆணையைக் காத்த வழியில்தான் என்பது என் கருத்து. முதியோர் குழுவின் முன் அவன் ஆற்றும் முதல் உரையைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஆட்சியிலும் சட்டத்திலும் வைத்துச் சோதிக்கும் வரை ஒருவனின் உள்ளத்தை அறிய முடியாது என்கிறான். நாடு என்னும் கப்பல் நேராகச் சென்றால்தான் நமக்கு நண்பர்களே வாய்ப்பார்கள் என்கிறான். இவை வெறும் பசப்பு மொழிகள் அல்ல. நாடகம் அரங்கேறி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, கி.மு. 343இல், ஏதென்ஸ் நகரப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் தம் எதிரியைச் சாடும் வழக்குரையில் இந்த வரிகளை நல்ல அரசியல் அறமாகவே எடுத்தாண்டிருக்கிறார். ஆக, கிரியோன் தன்னைச் சோதிப்பதற்குரிய அளவுகோலைத் தானே நம் கையில் கொடுத்துவிட்டு ஆட்சியைத் தொடங்குகிறான்.

சோதனை உடனே வருகிறது. யாரோ சடலத்தின் மேல் மண் தூவிவிட்டதாகக் காவலாளி நடுங்கிக்கொண்டே வந்து சொல்கிறான். இது தெய்வச் செயலாக இருக்குமோ என்று முதியவர் ஒருவர் தயங்கிக் கேட்டதும் கிரியோன் சீறுகிறான். தன்மீது முணுமுணுப்புக் கொண்டவர்கள் காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று, எந்தச் சான்றும் இல்லாமல், முடிவு கட்டிவிடுகிறான். நாடகத்தின் பிற்பகுதியில் குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரிக்க வரும்போதும் இதே குற்றச்சாட்டைத்தான் வீசுகிறான்: சார்டிஸ் நகரின் பொன்னையும் இந்தியப் பொன்னையும் வேண்டுமானால் வாங்கி விற்றுக்கொள்ளுங்கள், அவனை மட்டும் புதைக்க விடமாட்டேன் என்கிறான். சற்று முன்புதான் அதே கிழவரின் சொல்லைக் கேட்டுத் தான் நன்மை அடைந்ததாக அவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருந்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மண் தூவியவள் பாலினைசஸின் சகோதரி ஆன்டிகனி என்று பின்னர் தெரிகிறது. அவளை மணக்கவிருக்கும் கிரியோனின் மகன் ஹீமோன் அவளுக்காகப் பேசும்போது மட்டும் குற்றச்சாட்டு மாறுகிறது. அவன் பணத்துக்கு விலைபோனவன் அல்லன், ஒரு பெண்ணுக்கு அடிமை. எதிர்த்துப் பேசுபவன் சொல்லும் காரணத்தை எடைபோடாமல், அவன் பேசுவதற்கான உள்நோக்கத்தை மட்டுமே தேடுவதுதான் கிரியோனின் அடிப்படைக் குணம் என்று நான் நினைக்கிறேன். பிடிவாதம், ஆணவம் என்றெல்லாம் பொதுவாகச் சொல்வதைவிட இது கூர்மையான விளக்கம். அப்படிப்பட்டவனுக்கு எத்தனை பேர் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் ஒன்றும் ஏறாது.

மறுமொழி – மேடைநிழல்

‘ஏடு’ சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால், ஆணையை அவ்வளவு எளிதில் விட்டுவிட எனக்கு மனமில்லை. துரோகிக்குத் தாய்மண்ணில் இடமில்லை என்பது ஏதென்ஸ் மக்கள் அறிந்த சட்டந்தான். துரோகக் குற்றம் சாட்டப்பட்டு வெளியேறிய ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸின் எலும்புகளை, உறவினர்கள் ரகசியமாகக் கொண்டுவந்து ஏதென்ஸைச் சூழ்ந்த ஆட்டிக்காவில் புதைத்ததாக அவருடைய சுற்றத்தார் கூறியதை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். ஆயினும் அந்தச் சட்டம் எல்லைக்கு வெளியே புதைப்பதைத் தடுக்கவில்லை. கிரியோனோ உடலை நாய்க்கும் பறவைக்கும் இரையாகக் கிடக்க விடுகிறான். எங்குமே புதைக்கக் கூடாது என்கிறான். அந்த அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் இந்த வேறுபாட்டை உணராமல் இருந்திருக்க முடியாது. எனவே, அவன் முதல் உரை எவ்வளவு சீரியதாக இருந்தாலும், அதன் முடிவில் வரும் ஆணையிலேயே எல்லை மீறல் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆணையை மீறினால் கல்லெறிந்து கொல்வது என்பதுதான் முதலில் அறிவித்த தண்டனை. கடைசியில் ஆன்டிகனியைக் குகையில் உயிரோடு அடைத்து, நகரின் மீது பழி படியாத அளவுக்குச் சிறிது உணவும் வைக்கச் சொல்கிறான். தன் கை கறைபடவில்லை என்று காட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் கூசுகிறது. கல்லெறிந்து கொல்ல ஊரார் கூட வேண்டும். ஊரோ அவளுக்காக இருளில் அழுதுகொண்டிருக்கிறது என்று ஹீமோன் சொல்லிவிட்டான். தண்டனையை மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர் – நாடக மாணவி

இருவருக்கும் நன்றி. ‘உள்நோக்கம் தேடும் மனம்’ என்ற கருத்தைக் கட்டுரையின் மையமாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால், இறுதியில் அவன் மனம் மாறுகிறானே, அந்த இடத்தை எப்படி விளக்குவது? நம் சிலப்பதிகாரத்துப் பாண்டியனோடு ஒப்பிடலாமா?

மறுமொழி – ஏடு

ஒப்பிடலாம், ஆனால், ஒற்றுமையைவிட வேறுபாடுதான் உங்களுக்குப் பயன்படும். நெடுஞ்செழியன் பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பித் தவறிழைக்கிறான். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்த அக்கணமே, ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று தன்மேல் தானே தீர்ப்புக் கூறி, ‘கெடுகவென் ஆயுள்’ என்று உயிர் விடுகிறான். உண்மை தெரிந்ததற்கும் பொறுப்பேற்றதற்கும் இடையே இடைவெளியே இல்லை. கிரியோனிடம் அந்த இடைவெளிதான் எல்லாவற்றையும் அழிக்கிறது.

டைரீசியஸ் சாபமிட்டதுபோல் பேசிவிட்டுச் சென்ற பிறகு கிரியோன் அஞ்சுகிறான், என்ன செய்வதென்று முதியோர் குழுவையே கேட்கிறான். அவர்கள் சொன்ன வரிசை மிகத் தெளிவானது: முதலில் அந்தப் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, பிறகு கிடக்கும் உடலுக்குக் கல்லறை எழுப்பு. நான்தான் கட்டினேன், நானே போய் அவிழ்ப்பேன் என்று சொல்லிக்கொண்டே புறப்படுகிறான். ஆனால், நடந்ததைத் தூதன் விவரிக்கும்போது வரிசை தலைகீழாகியிருக்கிறது. முதலில் பாலினைசஸின் உடல் கிடந்த இடத்துக்குப் போகிறார்கள், தெய்வங்களை வேண்டுகிறார்கள், எஞ்சியதைத் தூய நீரால் கழுவுகிறார்கள், புதிதாக ஒடித்த கிளைகளை அடுக்கி எரிக்கிறார்கள், தாய்மண்ணைக் குவித்து உயரமான மேடு எழுப்புகிறார்கள். அதன் பிறகே குகையை நோக்கி நடக்கிறார்கள். தொலைவிலேயே ஹீமோனின் ஓலம் கேட்கிறது.

மறுமொழி – மேடைநிழல்

அவன் சார்பில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலிபீடங்கள் தீட்டுப்பட்டதற்குக் காரணம் அந்தச் சடலம் என்றுதான் டைரீசியஸ் முதலில் எச்சரித்தார். ஊரின் தீட்டை முதலில் நீக்க முனைந்தது ஓர் அரசனுக்கு இயல்பே.

மறுமொழி – ஏடு

இயல்பே, அதனால்தான் அந்த இடம் இவ்வளவு வலிக்கிறது. அவன் தீய எண்ணத்தால் தாமதிக்கவில்லை. மனம் மாறிய பின்னும் அவன் கண்ணுக்கு முதலில் தெரிவது நகரமும் தெய்வங்களும் சடங்கும்தான். குகைக்குள் இருக்கும் தனி உயிர் இரண்டாவதாகத்தான் தெரிகிறது. முதல் உரையில் பேசிய அதே கிரியோன்தான் இவன். ஆன்டிகனி தூக்கிட்டுக்கொள்ள, ஹீமோன் தந்தை மீது வாளோங்கித் தவறிப் பின் தன்மீதே பாய்ச்சிக்கொள்ள, செய்தி கேட்ட மனைவி யூரிடிசி கணவனைச் சபித்துவிட்டு உயிர் விட, அவன் மட்டும் சாகாமல் எஞ்சுகிறான். அப்போதுதான் பழியை வேறு யார்மீதும் சுமத்தாமல், மகனையும் மனைவியையும் தானே கொன்றதாகச் சொல்கிறான். கையூட்டு, பெண்ணடிமை என்று பிறரிடம் காரணம் தேடும் வழக்கம் அந்த வரிகளில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. உங்கள் கட்டுரையில் காவலாளியிடம் அவன் பேசுவதையும் இந்த இறுதிப் புலம்பலையும் அடுத்தடுத்து மேற்கோள் காட்டுங்கள். அவன் குணத்தில் நேர்ந்த ஒரே உண்மையான மாற்றம் எது என்பது அங்கே புலப்படும்.