புதுப்பிப்பு: பக்கிங்காம் கால்வாயைத் தேடி நடந்தது

போன மாதம் இங்கே எழுதியிருந்தேன்: சென்னையில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே, ஒரு காலத்தில் படகு போன பழைய பக்கிங்காம் கால்வாயின் மிச்சம் ஏதாவது தென்படுகிறதா என்று நடந்து பார்க்கப் போகிறேன் என்று. போய்விட்டு வந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். இந்தத் துண்டையும் 1806-லேயே வெட்டினார்கள் என்று எழுதியது தப்பு. அந்த ஆண்டு தொடங்கியது வடக்கே எண்ணூர்ப் பக்கம் போகும் பகுதி, காக்ரேன் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தச் சுமார் 8 கிலோமீட்டர், 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டியது. பசித்த வயிறுகள் தோண்டிய மண். பக்கிங்காம் என்ற கவர்னரின் பெயரை அப்புறம்தான் வைத்தார்கள்.

சரி, என்ன மிச்சம்? சேப்பாக்கத்திலிருந்து திருமயிலை வரை நிமிர்ந்தால் பறக்கும் ரயில், குனிந்தால் கறுப்புத் தண்ணீர். ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. படகு போன அகலத்தை மனதில்தான் வரைந்துகொள்ள வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு வரைவது கொஞ்சம் கஷ்டம்.

எனக்குப் பிடித்த எச்சம் கல்லோ செங்கலோ அல்ல, ஒரு பெயர். மயிலாப்பூரின் தண்ணித்துறை மார்க்கெட். விறகும் உப்பும் படகில் வந்திறங்கிய காலத்தை அந்தத் 'துறை' இன்னும் பிடித்து வைத்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. அங்கே காய் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் இதைக் கேட்டேன். "படகா? இந்தச் சாக்கடையிலயா தம்பி?" என்று சிரித்தார்.

அடுத்துப் போகப்போவது தெற்கே மரக்காணம். அங்கே உப்பளங்களை ஒட்டிக் கால்வாய் இன்னும் கால்வாயாகவே இருக்கிறது.