மறு: ரெசிலியன்ஸ் – 'மீள்திறன்' போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இடரையும் துன்பத்தையும் சமாளித்து நிலைகொள்ளும் திறனைக் குறிக்கும் 'ரெசிலியன்ஸ்' (resilience) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நான் தமிழ் கேட்டிருந்தேன்; மீள்திறன், தாங்குதிறன், மனவுரம் என்று பதில்கள் வந்தன. ஒருவர் கேட்டது:

> மீள்திறன் ஏற்கெனவே புழங்கும் சொல். இதற்கு மேல் என்ன தேடுகிறீர்கள்?

புழங்குகிறது, மறுக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கி எழும் நகரத்துக்கு அதையே எழுதுவேன். ஆனால் நான் தமிழாக்கும் பகுதி புகைபிடித்தலையும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடு நோயையும் (பி.டி.எஸ்.டி.) பற்றியது. அங்கே 'மீள்' என்ற பகுதியே காலை வாரிவிடுகிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு 5 முதல் 8 வாரம் கழித்து நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 988 பேரிடம் ஆய்வு செய்தார்கள். முன்பைவிடக் கூடுதலாகப் புகைத்தவர்களில் 24.2 விழுக்காட்டினருக்கு மனவடு நோய், மற்றவர்களில் 5.6. எது எதற்குக் காரணம் என்று இந்த எண்கள் சொல்லா. நிக்கோடினின் போக்கைக் கவனியுங்கள். இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எரிச்சல் வரும், கவனம் சிதறும், தூக்கம் கெடும். மனவடு நோயின் அறிகுறிகளிலும் இவை உண்டு. அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தால் அடங்குகிறது. நாளைக்கு இருபது சிகரெட் புகைப்பவர் கணக்கில், அவர் ஒரு நாளைக்கு இருபது முறை 'மீள்கிறார்'!

தவிர, மீள்வது என்றால் ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்புவதுபோல. யாழ்ப்பாணத்து உளநல எழுத்துகள் தந்த 'மனவடு' என்ற சொல்லோ, புண் ஆறினாலும் தோல் பழைய தோல் ஆகாது என்கிறது. இரண்டையும் ஒரே வரியில் வைத்தால் ஒன்றையொன்று முறைக்கின்றன.

'தாங்குதிறன்' என்று எழுதியவருக்கு: "தாங்குதிறன் கூடியவர்" என்று பாராட்டாக எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் "புகைக்கப் புகைக்கத் தாங்குதிறன் கூடும்" என்றும் எழுத நேர்கிறது. போதைப் பழக்கத்தில் உடல் மேலும் மேலும் கேட்பதற்கும் அதே சொல்தான் வழங்குகிறது. வாசகர் குழம்பிப்போவார்.

'மனவுரம்' எனக்கு மிகவும் பிடித்தது (மனத்துக்கு யூரியாவா என்ற கேலியைப் பொருட்படுத்த வேண்டாம்). ஆனால் உரம் பாராட்டுச் சொல். அது இல்லாதவர் கோழை என்றாகிவிடும். முதல் உலகப் போரில் கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் சுட்டுக் கொன்ற 306 வீரர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது 2006இல்தான். அந்த வாடை நோயியல் சொல்லில் வேண்டாம்.

"சிதைவிடத்து ஒல்கார் உரவோர் புதையம்பிற் பட்டுப்பாடு ஊன்றுங் களிறு" என்ற குறளில் (உடலில் அம்பு தைத்தும் தன் பெருமையை நிலைநிறுத்தும் யானைபோல, உரமுள்ளவர் அழிவு வந்தபோதும் தளரார்) உரத்தோடு இன்னொரு சொல்லும் இருக்கிறது: ஊன்றுதல். அம்பு தைத்த யானை பழைய யானையாகத் திரும்பவில்லை; தைத்த அம்போடே நிற்கிறது. ஆகவே என் பரிந்துரை: ஊன்றுதிறன். குடும்பம், அண்டை அயலார், சிகிச்சை ஆகிய ஊன்றுகோல்களுக்கும் இதில் இடமுண்டு.

சிகரெட்டும் ஊன்றுகோல்தானே என்று கேட்பீர்கள். மனவடு நோயுள்ள அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 943 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், புகையை விட்டவர்களுக்கு நோய் முற்றவில்லை. எடுத்த பின்னும் நிற்க முடிந்தால் அது கோலே அல்ல.

ரெசிலியன்ஸை அளக்கப் பயன்படும், 25 கேள்விகள் கொண்ட கானர்-டேவிட்சன் அளவுகோலை 'ஊன்றுதிறன் அளவுகோல்' என்று எழுதிப் பார்த்தேன்; உறுத்தவில்லை. அதை ஆளுக்குச் சூட்டும் பட்டமாக்கி 'ஊன்றுதிறனர்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.