பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பராமரிப்புச் செலவு

கேள்வி:
பயன்படுத்தப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். குறைவாகவே ஓட்டப்போகும் எனக்கு எந்தச் செலவுகள் பெரிதாக வரும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
வண்டியின் விலை இறங்கினாலும் உதிரிபாகங்களின் விலை இறங்காது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். பிடிமானத்துக்காக மென்மையான ரப்பரில் செய்யப்படும் டயர்கள் விரைவில் தேய்ந்துவிடும். ஃபெராரி எஃப்355 போன்ற 1990களின் வண்டியில் டைமிங் பெல்ட்டை (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டையை) முறையாக மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டியிருப்பதால், பெல்ட்டின் விலையைவிடக் கூலி பல மடங்காகும்.

பதில் 2:
குறைவாக ஓட்டினால் செலவு குறையும் என்று தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், வண்டி நின்றே இருந்தாலும் ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். பெல்ட்டும் டயரும்கூட வயதாலேயே கெடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பெல்ட் கடைசியாக மாற்றப்பட்டதற்கான ரசீதை விற்பவரிடம் முதலில் கேட்கிறேன்.