கப்போர்டுக்கு சிலபிள் ரெண்டா மூணா? யாராச்சும் சொல்லுங்க

பெருந்துறை அம்மா:
ஏனுங்க, என்ற பொண்ணு நாலாவது படிக்கறா, சிலபிள் பிரிக்கற ஒர்க்‌ஷீட்ல கப்போர்டுக்கு கப்-போர்-டுன்னு கை தட்டிப் பாத்து மூணுன்னு எழுதிட்டா, அதைச் சுழிச்சு ரெண்டுன்னு போட்டு அனுப்பியிருக்காங்க. நான் சொல்லிப் பாத்தாலும் மூணுதான் வருது. ரெண்டு வார்த்தை சேந்ததால ரெண்டுங்கறாங்களா? நாளைக்கு டெஸ்ட்டு, புள்ள அழுதுட்டே படுத்திருக்கா.

ஈரோடு டியூஷன் டீச்சர்:
ரெண்டுதானுங்க சரி. ஆனா ரெண்டு வார்த்தை சேந்ததால இல்லீங்க, அப்படிச் சொல்லிக் குடுத்துடாதீங்க. பட்டர்ஃப்ளைல வார்த்தை ரெண்டு, சிலபிள் மூணு. நியூஸ்பேப்பரும் அப்படியேதான். உயிர் ஓசை எத்தனை கேக்குதோ அத்தனை சிலபிள், அவ்வளவுதான் கணக்கு. பாப்பா மாட்டுனது கடைசி 'டு'ல. பஸ்ஸு, ரோடு, போர்டுன்னு மெய்யில முடியற வார்த்தைக்கெல்லாம் நாம ஒரு உகரத்தை ஒட்டித்தான் பேசறோம், இங்கிலீஷ்காரங்க வாயில அந்த உ கெடையாது, 'ட்'டோட நின்னுரும். அதை எடுத்துட்டு தட்டச் சொல்லுங்க, ரெண்டுதான் வரும். தாடைக்குக் கீழ கைய வெச்சுட்டு சொன்னாலும் எத்தனை தடவை எறங்குதுன்னு தெரியும்.

பெருந்துறை அம்மா:
இப்பத்தான் புரியுதுங்க. அப்ப கோடு எங்க போடறதுங்க?

ஈரோடு டியூஷன் டீச்சர்:
எழுத்துல கப்புக்கும் போர்டுக்கும் நடுவுல. முந்தி கப்பு அடுக்கற பலகைக்குத்தான் அந்தப் பேரு, அதான் எழுத்து அப்படியே நிக்குது. சத்தம் வேறங்க, கப்புல இருக்கற 'ப்' விழுந்துபோய் 'பஸ்'ல வர்ற ப மட்டும் கேக்கும், போர்டும் தேஞ்சு 'பட்'டுங்கற மாதிரி ஆயிருச்சு. அழுத்தம் மொதல் துண்டுல.

பொள்ளாச்சி தோப்புக்காரர்:
அக்கா, பாப்பாவுக்குத் தேங்காயைக் காட்டிச் சொல்லுங்க, சட்டுனு புடிச்சுக்குவா. தெங்கும் காயும் சேந்ததுதான் தேங்காய், சேரறப்ப தெ நீண்டு தே ஆயி 'கு' போயிருது, நன்னூல்லயே இதுக்குன்னு விதி இருக்குங்க. அதை எழுதுன பவணந்தியார் உங்க பெருந்துறைக்குப் பக்கத்துல சீனாபுரம்னுதான் நாங்க கேட்டு வளந்தது. தேங்-காய்னு அசை பிரிச்சா நேர் நேர், அந்த 'தேங்'கை மட்டும் தனியா எடுத்தா அர்த்தமே இல்லீங்க. வார்த்தை ஒடையற எடமும் அசை ஒடையற எடமும் வேற வேறன்னு நம்ம வார்த்தைலயே காட்டிரலாம்.

பெருந்துறை அம்மா:
எழுப்பி ஒக்கார வெச்சு தேங்காய் சொன்னேனுங்க, அவளே டூத்பிரஷ் ரெண்டு, கிராண்ட்மதர் மூணுன்னு தாடைல கைய வெச்சு எண்ணிட்டா. ரெண்டும் சரிங்களா?

ஈரோடு டியூஷன் டீச்சர்:
சரிங்க. இனி தூங்க வைங்க.