வேண்டுமென்றே மோசமான ஒரு கணினி விளையாட்டு: எந்த அளவு மோசம் போதும்?

கேள்வி — தமிழ் ஆசிரியை, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அனைவருக்கும் வணக்கம். வார இறுதித் தமிழ் வகுப்பில் படிக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்களுக்கு கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மூலம் ஒரு விளையாட்டைச் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். வீட்டில் கிரியோல் பேசும் இப்பிள்ளைகள் விளையாட்டின் வசனங்களையாவது தமிழில் எழுத வேண்டும் என்பது என் ஆசை. சரியாக வராதோ என்ற அச்சத்தில் பலர் தொடங்கவே தயங்கியதால், வேண்டுமென்றே மோசமான விளையாட்டைச் செய்வோம் என்றேன். தயக்கம் அத்துடன் போயிற்று. கரும்புக் கட்டைச் சுமந்த ஒரு டோடோ பறவை, தோட்டத்தைக் கடந்து போர்ட் லூயிஸ் சந்தைக்குப் போக வேண்டும் என்பது அவர்களே சொன்ன கதை.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத சுவர், இடவலம் மாறிய விசைகள், மின்னும் திரை, காதைத் துளைக்கும் ஒலி என்று தோன்றியதையெல்லாம் சேர்த்த பிறகு, செய்தவர்களே அதை விளையாட மறுக்கிறார்கள். மறுபடியும் ஆடத் தூண்டும் மோசத்துக்கும், மூடி வைக்கச் செய்யும் மோசத்துக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது?

பதில் — கியூர்பைப்

வணக்கம் அம்மா. ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, மற்ற அனைத்தையும் ஒழுங்காகச் செய்யுங்கள் என்பதே என் கருத்து. 1995-இல் சேகா சிடி என்ற விளையாட்டுக் கருவிக்காக உருவாக்கப்பட்டு, அப்போது வெளிவராமலே போன ‘டெசர்ட் பஸ்’ இதற்கு நல்ல சான்று. டூசானிலிருந்து லாஸ் வேகாஸ் வரை, மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாத ஒரு பேருந்தை எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். போய்ச் சேர்ந்தால் கிடைப்பது ஒரு புள்ளி. பேருந்து எப்போதும் சற்றே வலப்பக்கம் சாய்வதால், விசையைக் கட்டிவைத்துவிட்டு எழுந்து போகவும் முடியாது. அந்தச் சாய்வு ஒருபோதும் ஏமாற்றுவதில்லை. அதனால்தான் ஆடுபவர் அதனோடு மல்லுக்கட்டுகிறார். 2008-இல் பென்னெட் ஃபாடி செய்த ‘க்வாப்’ விளையாட்டிலும் ஓட்டக்காரனின் தொடைகளுக்கு இரண்டு விசை, கெண்டைக்கால்களுக்கு இரண்டு விசை, அவ்வளவுதான். விழுந்தால் ஏன் விழுந்தோம் என்பது தெரிகிறது.

2003-இல் வெளிவந்த ‘பிக் ரிக்ஸ்’ லாரிப் பந்தயம் இதற்கு நேர்மாறானது. எதிராளியின் லாரி புறப்படவே புறப்படாது, நம் லாரி கட்டடங்களை ஊடுருவிச் செல்லும், பின்னோக்கி ஓட்டினால் வேகத்துக்கு எல்லையே இல்லை. அதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் முயல்வதற்கு அதில் எதுவும் இல்லை.

பதில் — போர்ட் லூயிஸ், மென்பொருள் துறை

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். டோடோவுக்கு நான் தேர்ந்தெடுக்கும் குறை தாமதம்: விசையை அழுத்திய அரை நொடி கழித்தே அது அசைய வேண்டும். பிள்ளைகள் முதலில் ‘காத்திரு’ துண்டைத்தான் போடுவார்கள். அப்படிச் செய்தால் காத்திருக்கும் நேரத்தில் அழுத்திய விசைகள் தொலைந்துபோகும். கணினி கெட்டுவிட்டது என்று ஆடுபவர் நினைப்பார். மாறாக, ஒரு பட்டியலை உருவாக்கி, திரும்பத் திரும்ப ஓடும் ‘எப்போதும்’ சுற்றின் ஒவ்வொரு முறையிலும் விசை அழுத்தப்பட்டிருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று அதன் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலின் நீளம் 15-ஐத் தாண்டியதும், முதல் எண்ணைப் படித்து டோடோவை அதன்படி நகர்த்திவிட்டு, அந்த எண்ணை நீக்கிவிட வேண்டும். ஸ்கிராட்ச் நொடிக்கு 30 முறை திரையைப் புதுப்பிப்பதால் 15 என்பது அரை நொடி. எந்த அழுத்தமும் வீணாவதில்லை, எல்லாம் பிந்தி வருகிறது. ஆடுபவர் சிறிது நேரத்தில் முன்கூட்டியே அழுத்தப் பழகிக்கொள்வார்.

ஒன்றைக் கவனியுங்கள். திரையில் எதுவும் மாறாதபோது ஸ்கிராட்ச் அச்சுற்றை ஒரே புதுப்பிப்புக்குள் பலமுறை ஓட்டிவிடும், தாமதமும் சுருங்கிவிடும். ஆகவே டோடோ எப்போதும் மெல்ல முன்னேறிக்கொண்டே இருக்கட்டும். விசை, அதைத் தாவ வைப்பதற்கு மட்டும் பயன்படட்டும்.

இதைவிட எளிய குறை வேண்டுமென்றால், சுற்றுக்குள் விசையைச் சோதிப்பதற்குப் பதிலாக ‘விசை அழுத்தப்படும்போது’ என்ற தொடக்கத் துண்டையே பயன்படுத்துங்கள். விசையை அழுத்திப் பிடித்தால் டோடோ ஓரடி வைத்து, தயங்கி நின்று, பிறகுதான் தொடர்ந்து நடக்கும். விசைப்பலகையில் எழுத்து திரும்பத் திரும்ப விழும் முறை அப்படியே விளையாட்டுக்குள் வந்துவிடுவதே காரணம். புதிதாகக் கற்பவர்கள் அறியாமல் செய்வதை உங்கள் மாணவர்கள் அறிந்து செய்வார்கள்.

பதில் — மாஹேபூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, முதலில் ஒழுங்காக ஓடும் டோடோவைச் செய்து தனியே சேமித்த பிறகே கெடுக்கத் தொடங்குங்கள். அந்த நல்ல பிரதி இல்லாவிட்டால், தாமதம் அவர்கள் வைத்ததா, தற்செயலாக வந்ததா என்று அவர்களுக்கே தெரியாது. மின்னும் திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்க வேண்டாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்று இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சம் வலிப்பு நோய் உள்ள சில பிள்ளைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும். காதைத் துளைக்கும் ஒலியையும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் — ரோஸ் ஹில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மின்னும் திரையையும் ஒலியையும் இன்றே எடுத்துவிடுகிறேன். தாமதத்தை வைத்துக்கொள்கிறோம், விசையை அழுத்தியவுடன் டோடோ “பொறு, வருகிறேன்” என்று தமிழில் சொல்லி, பிறகு தாவினால் அந்த அரை நொடிக்கு ஒரு பொருள் கிடைக்கும் என்று தோன்றுகிறது. பதில் வசனங்களை ஆளுக்கொன்றாக எழுதச் சொல்வேன். இதைச் செய்ய முடியுமா?

பதில் — போர்ட் லூயிஸ், மென்பொருள் துறை

தாராளமாக முடியும். ‘2 நொடிகளுக்குச் சொல்’ என்னும் துண்டைத் தாமதச் சுற்றுக்குள் வைத்தால், அது முடியும்வரை சுற்றே நின்றுவிடும். வசனங்களை வேறொரு பட்டியலில் வைத்து, அவற்றில் ஒன்றைத் தற்செயலாக எடுத்துச் சொல்லும் கட்டளையை ஒரு தனித் தொகுதியாக எழுதுங்கள். தாமதச் சுற்று அதற்குச் செய்தி மட்டும் அனுப்பினால் போதும்.